ஐயாவு நட்ட கால்

மற்றவர்கள் பேசியதையே திருப்பிப் பேசிச் சம்பளம் வாங்கியவன் நான். ஈப்போ கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலை. கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் நீதிபதிக்குச் சொல்ல வேண்டும். நீதிபதி கேட்பதைத் தமிழில் கூண்டில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, என் பங்குக்கு ஒரு கல் உப்பு கூடப் போடக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே அப்படிச் சத்தியம் வாங்கிவிட்டார்கள். திருடனுக்கும் குடிகாரனுக்கும் எத்தனையோ தடவை வாயாக இருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் எல்லாம் மறந்துபோகும். நல்லம்மாள் அக்கா பேசியது மட்டும் மறக்கவில்லை.

அக்காவின் வழக்கு எழுபத்தொன்பதில் பதிவாகி, எண்பத்திரண்டில்தான் விசாரணைக்கு வந்தது. இடையில் எல்லாம் ஒத்திவைப்பு. ஒரு தடவை எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கோலாலம்பூரில் வேறு வேலை. ஒரு தடவை நீதிபதி மாற்றலாகிப் போனார். ஒரு தடவை எதற்கென்று எனக்கே தெரியாது. அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் சுங்கை சிப்புட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, காலில் ஜப்பான் சிலிப்பர். உள்ளே போய்க் கேட்டு வந்து அவரிடம் சொல்வது என் வேலையாகிவிட்டது.

"இன்னிக்கும் இல்லையா தம்பி?"

"இல்லக்கா. வேற தேதி குடுத்திருக்காங்க."

"சரி லா. வாரேன்."

அவ்வளவுதான். எழுந்து பஸ் நிலையத்துக்கு நடந்துவிடுவார். ஒரு தடவையாவது கத்தியிருக்கலாம். அவருக்குப் பதிலாக எனக்குத்தான் கோபம் வந்துகொண்டிருந்தது.

சாட்சியிடம் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று விதி. நான் பேசவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு கோப்பி வாங்கி வந்து ஒன்றை அவரிடம் கொடுப்பேன். அவர் தன் வீட்டைப் பற்றிப் பேசுவார். அந்த வீடும் வழக்கும் ஒன்றாக இருந்தது என் குற்றமில்லை.

நல்லம்மாள் அக்கா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். பாவாடை கட்டும் வயதிலேயே அம்மாவோடு பால் மரம் வெட்டப் போனார். அதே தோட்டத்தில் புகைக்கூண்டில் வேலை செய்த ஐயாவு என்பவருக்கு வாழ்க்கைப்பட்டார். ரப்பர் தகடுகளை அடுக்கிப் புகை போட்டுக் காய வைக்கும் இடம் அது. உள்ளே போய் வருகிறவன் நெஞ்சும் சேர்ந்தே காயும். ஐயாவு கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். காகிதம் எதுவும் இல்லாததால் கடைசி வரைக்கும் சிவப்பு ஐசி என்ற சிவப்பு அடையாள அட்டைதான், குடியுரிமை கிடைக்கவில்லை. அறுபத்தொன்பதுக்குப் பிறகு சிவப்பு ஐசிக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது பலபேர் மூட்டை கட்டினார்கள். ஐயாவு போகவில்லை. "எந்த ஊருக்குப் போறது? வந்தப்ப எனக்குப் பல்லே மொளைக்கல" என்பாராம். இதைச் சொல்லும்போது மட்டும் அக்கா சிரிப்பார்.

எழுபத்திரண்டில் வெள்ளைக்காரக் கம்பெனி தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறியது. வாங்கியவர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆற்றோரப் பக்கத்தை வாங்கியவர் ஜெயபாலன், அதே தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அக்காவுக்கு வருஷக்கணக்காக வருகைப் பதிவேட்டில் பேர் போட்டவர். சொந்தமாக லாரிகள் விட்டுக் கையில் நாலு காசு சேர்ந்திருந்தது. "நம்ம ஆளுங்க நடுரோட்டுல நிக்கக் கூடாது" என்று சொல்லி ஆற்றோரத்தை மனைகளாகப் பிரித்து லயத்து ஆட்களுக்கு விற்கத் தொடங்கினார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். நிலத்தின் விலை ஏறாத வரைக்கும் நல்லவராக இருப்பதில் பெரிய சிரமமில்லை.

சிவப்பு ஐசிக்காரர் நிலம் வாங்கப் போனால் ஆயிரம் கேள்வி வரும் என்பதால் ஒப்பந்தம் அக்கா பேரில் எழுதப்பட்டது. அது எழுபத்து நாலில். தோட்ட நிலத்தைத் துண்டு போட்டு விற்க அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வந்தால்தான் மனை அக்காவுக்கு. வரும் வரைக்கும் வாங்குகிறவர் நிலத்தில் பயிர் வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது, கட்டத் தொடங்கவும் கூடாது. மீறினால் விற்றவர் ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளலாம். வக்கீல் ஆபீசில் ஒருவர் இதை இங்கிலீஷில் படித்து, தமிழில் விளக்கியிருக்கிறார். அக்காவின் காதில் தங்கியது 'அனுமதி வரும் வரை வீடு கட்டக் கூடாது' என்பதுதான். கைநாட்டு வைத்துவிட்டார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் வந்தார். பக்கத்து மனைகளில் மற்றவர்கள் மரவள்ளி நட்டார்கள், கோழிக்குக் கூடு போட்டார்கள். அக்கா தன் மனையில் லாலாங் புல்லைக் கூட வெட்டவில்லை. பால் வெட்டுக்குப் போகும்போது ரோட்டில் நின்று ஒரு பார்வை பார்ப்பார், அதோடு சரி. சொந்த மனையைக் கோயில் மாதிரி வெளியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார் என்று லயத்தில் கேலி செய்தார்களாம்.

எழுபத்தாறில் ஐயாவுக்கு நெஞ்சு நோய் முற்றிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று லயத்து ஆட்களுக்குத் தெரியும். அனுமதி வரவில்லை. லயத்தைக் காலி செய்யச் சொல்லிப் புது முதலாளிகள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் அக்கா ஒரு காரியம் செய்தார். நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது. ஆனால் தொடங்கிவிட்ட காரியத்தைச் சாவு தடுக்காது. கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நட்டுவிட்டால் எது நடந்தாலும் கல்யாணம் நடக்கும் அல்லவா, வீட்டுக்கும் அதே கணக்குத்தான். ஐயாவு போய்விட்டால் வருஷம் திரும்ப வேண்டும். அது முடிந்தாலும் தாலி அறுத்தவள் கையால் கால் நட முடியாது. அவர் மூச்சு இருக்கும்போதே அவர் கையால் ஒரு கால் நட்டுவிட்டால் வீடு தொடங்கியாகிவிட்டது. அப்புறம் அனுமதி எப்போது வந்தாலும் கட்டிக்கொள்ளலாம். கோயில் பண்டாரமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடுங்கள் என்று நாளும் குறித்துக் கொடுத்தார்.

"அக்கா, கட்டக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கே, உங்களுக்குத் தோணலையா?" என்று நான் ஒரு நாள் கேட்டேன். விதியை மீறித்தான் கேட்டேன்.

"நாங்க எங்க தம்பி கட்டுனோம்? சாமிக்கு முன்னால தொடங்கிவச்சோம். கவுருமெண்டு விட்டா அப்புறம் கட்டலாம்னு இருந்தோம்."

இதில் எங்கே தப்பு என்று யாராவது அவருக்கு விளக்கியிருந்தால் நான் அந்த ஆளைக் கும்பிட்டிருப்பேன்.

லயத்து வேலியில் நின்ற முள்முருங்கையில் ஒரு கிளையை வெட்டி எடுத்தார்கள். மனைக்கு ஈசானிய மூலையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. அதில் நவதானியமும் ஒரு செப்புக் காசும் போட்டார்கள். ஐயாவுவைத் தோளில் தாங்கி நடத்திக்கொண்டு போனார்கள். மஞ்சள் துணி சுற்றிய காலைக் குழியில் இறக்கும்போது யாரும் கை கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். இருமிக்கொண்டே இறக்கி, மண் தள்ளி, மிதித்து, அதன் மேலேயே சாய்ந்து நின்றார். நிலத்துக்காரர் என்ற மரியாதைக்கு ஜெயபாலனையும் அழைத்திருந்தார்கள். அவரும் வந்தார். தேங்காயை உடைத்தவர் அவர்தான். திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, சுண்டலும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஐப்பசியில் ஐயாவு செத்தார். "தொடங்கிட்டுத்தான் போனாரு" என்று அக்கா வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

எழுபத்தெட்டு கடைசியில் அனுமதி வந்தது. அதற்குள் ஈப்போவிலிருந்து ஒரு வீடமைப்புக் கம்பெனி ஆற்றோரம் முழுவதையும் கேட்டு வந்துவிட்டது. ஒரே கையில் மொத்தமாகக் கேட்டார்கள், துண்டு துண்டாக வேண்டாம் என்றார்கள். ஜெயபாலன் உடனே ஒப்பந்தத்தை எடுத்துத் தூசி தட்டினார். மரவள்ளி நட்டவர்களுக்கு ரத்து, கோழிக்கூடு போட்டவர்களுக்கு ரத்து. கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அவர்கள் வாங்கிக்கொண்டு ஆயர் தாவார் பக்கம், புந்தோங் பக்கம் என்று சிதறிப் போனார்கள். புல்லைக் கூட வெட்டாத நல்லம்மாளுக்கும் ரத்து, கால் நட்டதற்காக. அக்கா மட்டும் பணத்தை வாங்க மாட்டேன் என்றார். ஈப்போவில் அர்ச்சுனன் என்ற இளம் வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். நல்ல பையன். கொஞ்சம் அவசரக்காரன்.

விசாரணை அன்று காலை முழுவதும் அந்த முள்முருங்கையைப் பற்றித்தான் பேச்சு. பச்சைக் கால் அல்லவா, வேர் விட்டு ஆளுயரத்துக்கு மேல் தழைத்திருந்தது. எதிர்த்தரப்பு படம் எடுத்து வந்திருந்தார்கள். அர்ச்சுனன் எழுந்து, இது மரம், கட்டடம் இல்லை என்றார். அப்படியானால் பயிர் வைத்த குற்றம் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். பயிரென்றால் பலன் எடுக்க வேண்டும், இதில் என்ன பலன் என்றார் அர்ச்சுனன். நட்டதா கட்டியதா என்று படித்தவர்கள் இரண்டு பேர் வெயில் ஏறும் வரைக்கும் வாதாடினார்கள். நீதிபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா மட்டும், தன்னைப் பற்றி என்னவோ நல்லது பேசுகிறார்கள் என்பது போல உட்கார்ந்திருந்தார்.

அடுத்து ஜெயபாலன் கூண்டில் ஏறினார். நீங்களே தேங்காய் உடைத்தீர்களே, அது சம்மதம் இல்லையா என்று அர்ச்சுனன் மடக்கினார். ஜெயபாலன் தடுமாறவில்லை. "ஐயாவுக்கு நோவு தீரணும்னு வேண்டுதல்னு நெனச்சுத்தான் போனேன். வீட்டுக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார். நான் மொழிபெயர்த்தேன். பொய்யையும் உண்மையையும் ஒரே குரலில்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

அர்ச்சுனனுக்கு அந்தப் பதிலில் கதவு திறந்துவிட்டது. இடைவேளையில் அக்காவிடம் ஓடி வந்தார். நான் பெஞ்சின் மறுமுனையில் இருந்தேன்.

"அக்கா, அவர் வாயாலேயே சொல்லிட்டாரு. நோவுக்கு வேண்டுதல். நீங்களும் அதையே சொல்லுங்க. அது சும்மா ஒரு கம்பு. பூசைக்கு நட்டது. வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இத மட்டும் சொல்லிட்டா நெலம் உங்க கைக்கு வந்துடும்."

"கம்புன்னா சொல்லணும்?"

"கம்புன்னுதான்க்கா. ஒரே ஒரு சொல்லு."

அக்கா தலையை ஆட்டினார். அது சரி என்ற ஆட்டலா, கேட்டுக்கொண்டேன் என்ற ஆட்டலா என்று அர்ச்சுனன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மூன்று வருஷமாக அவர் தன் வீட்டைப் பற்றிப் பேசியதைக் கேட்டவன் நான். அந்த வீட்டில் அதுவரைக்கும் இருந்தது அந்தக் கால் ஒன்றுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா கூண்டில் ஏறினார். உண்மையைச் சொல்வதாக நான் சொல்லிக் கொடுத்த உறுதிமொழியைத் திருப்பிச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் அதட்டவில்லை, மிரட்டவில்லை. அதட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். அக்கா மிரண்டு வாயை மூடிக்கொண்டிருப்பார். வக்கீல் தன் சொந்த அம்மாவிடம் பேசுவது போல மெதுவாகக் கேட்டார்.

"இதை நட்டது யார்?"

"எங்க வீட்டுக்காரரு."

"அவருக்கு உடம்பு சரியில்லை அல்லவா? ஏன் அவரே நட்டார்?"

"அவருதான் நடணும், ஐயா. அவரு இருக்கறப்பவே நடணும்."

"நோய் தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டா நட்டீர்கள்?"

அர்ச்சுனன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். நான் கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு நிற்கிறேன். அக்கா அர்ச்சுனனைப் பார்த்தார், எதிரே உட்கார்ந்திருந்த ஜெயபாலனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அங்கே சொந்தமாக முகம் கிடையாது. முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்த நேரத்தை நினைத்தால் எனக்கு என் வேலை மேலேயே ஆத்திரம் வருகிறது.

"நோவு தீராதுன்னு அவருக்கே தெரியும், ஐயா" என்றார் அக்கா. "வீட்டுக்குத்தான் நட்டாரு. கால் நட்டாச்சுன்னா வீடு தொடங்கியாச்சு. அப்புறம் யாரு செத்தாலும் அது நிக்காது. அதுக்குத்தான் நெஞ்சு வலியோட வந்து நட்டாரு. அத வெறும் கம்புன்னு நான் எப்படிச் சொல்றது?"

அதில் வளைப்பதற்கு எதுவும் இல்லை. தமிழில் எவ்வளவு தெளிவாக இருந்ததோ அவ்வளவு தெளிவாக இங்கிலீஷிலும் வந்தது. வீடு தொடங்கியாகிவிட்டது. நானே என் வாயால் சொன்னேன். நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அர்ச்சுனன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஆற்றோரத்தில் இப்போது வரிசை வீடுகள் வந்துவிட்டன. வாசலுக்கு வாசல் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஈசானிய மூலை எது என்று நானும் ஒரு தடவை போய்த் தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா புந்தோங்கில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார். லியாகத் அலி என்பவரின் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போகிறார். அந்தப் பக்கம் போனால் பார்ப்பேன். "சாப்டீங்களா தம்பி" என்பார். வழக்கைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை.

தீர்ப்பு வந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விடத்தான் ஆசை.

நீதிபதி நீளமாகப் படித்தார். அக்கா கூண்டில் இல்லை, முன் பெஞ்சில் இருந்தார். அதனால் வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டியதில்லை. படித்து முடித்து, எல்லாரும் எழுந்து நின்று, நீதிபதி உள்ளே போனார். ஜெயபாலன் தரப்பு கைகுலுக்கிக்கொண்டு வெளியேறியது. அர்ச்சுனன் அக்கா பக்கம் திரும்பவில்லை. "நீங்க சொல்லுங்க சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கோப்பைக் கட்டத் தொடங்கினார். நான் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன சொன்னாரு தம்பி?"

"நீங்க உண்மையானவங்கன்னு சொன்னாருக்கா. நீங்க சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்புறேன்னு சொன்னாரு."

அக்காவின் முகம் மலர்ந்தது. "எங்க வீட்டுக்காரரு வீடு தொடங்குனத ஜட்ஜு ஒத்துக்கிட்டாருல்ல?"

"ஒத்துக்கிட்டாரு."

"எழுதியிருக்காரா?"

"எழுதியிருக்காருக்கா. அனுமதிக்கு முன்னாடியே வீடு தொடங்கியாச்சு, அதனால ஒப்பந்தத்த மீறியாச்சு, அதனால நெலம் ஜெயபாலனுக்குத்தான்னு எழுதியிருக்காரு."

அக்கா பிளாஸ்டிக் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் சொன்னதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"அப்ப நட்டது கம்புன்னு சொல்லியிருந்தா நெலம் எனக்கு?"

"கெடச்சிருக்கும்."

"வீடு உண்டுன்னு எழுதிட்டு, வீடு உனக்கு இல்லைங்கறாரு."

"ஆமாக்கா."

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் நான்தான் சொல்ல வேண்டும், மறைக்க எனக்கு உரிமையில்லை. நிலத்தை வெறுமையாக ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. அதில் எழுப்பியதை எழுப்பியவரே அகற்ற வேண்டும்.

"அந்தக் கால நீங்களே எடுத்துடணுமாம்க்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். மூன்று வருஷமாக 'சரி லா, வாரேன்' என்று எழுந்து போனவர் அன்று எழுந்திருக்கவில்லை.

"என்னால முடியாதுன்னு அவருகிட்ட சொல்லுங்க தம்பி."

நான் திரும்பிப் பார்த்தேன். நீதிபதியின் நாற்காலி காலியாக இருந்தது. காவலர் ஒருவர் விசிறியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க தம்பி" என்றார் அக்கா மறுபடியும். "நான் சொல்றத எல்லாம் நீங்கதான சொல்லுவீங்க?"